வாலுகள் அடங்கும் சீட்

காலையில் சாவியைத் திருப்பியதும் அந்தக் கார் முதலில் ஒருமுறை இருமும். பிறகு டிக், டிக், டிக் என்று யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். தெருமுனை திரும்பி எஞ்சின் சூடேறுவதற்குள் அது தானாகவே நின்றுவிடும். நின்றுவிடுகிறதே, அதுதான் சனியன்! நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்திருந்தால் என்றைக்கோ யாராவது காது கொடுத்திருப்பார்கள்.

காது கொடுத்தவள் ஒருத்தி இருந்தாள். காரை ஓட்டுகிறவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவளை வண்டியம்மா என்றார்கள். வீட்டிலும் பாதி நேரம் அதே பெயர்தான்.

"தம்பி, இந்தச் சத்தம் நேத்தைவிட இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கே, கவனிச்சியா?" என்று கொழுந்தனிடம் கேட்டாள்.

"அண்ணி, வயசானவங்க எழுந்திரிக்கும்போது முட்டி சத்தம் போடுதில்ல? அந்த மாதிரிதான். நாலு அடி நடந்தா சரியாயிடும்."

கொழுந்தனுக்கு வேலை என்னவோ வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில். ஆனால் வீட்டுக்குள் அவன்தான் சகலத்துக்கும் மெக்கானிக். குழாய் ஒழுகினால் அவன், ஃபேன் முனகினால் அவன், கார் என்றாலும் அவன். கெட்டவன் இல்லை. தங்கமான பிள்ளை. கேட்காமலே ஓடிவந்து செய்வான், செய்துவிட்டு ஒரு ஜோக் அடிப்பான், கையில் இருக்கும் கிரீஸை யார் மூக்கிலாவது தடவிவிட்டுப் போவான். அவன் இருக்கும்போது காரை வெளியே பட்டறைக்கு விடுவது என்றால் அவன் முகத்தில் அறைந்த மாதிரி. அந்த வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

மழைக்காலத்துக்கு முன்னால் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டியம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவன் வந்தான், குனிந்தான், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான். குண்டுமணி அளவு பல்பு ஒன்றைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாங்க அண்ணி, உங்க பிரச்சனை. பத்திரமா வெச்சுக்குங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்ன செய்வது, அவன் சொல்லும் விதம் அப்படி.

அடுத்து காருக்கு அடியில் தடதடவென்று ஒரு அதிர்வு. சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அவன் காலி ஆயில் டின் ஒன்றை வெட்டிக் குழாயைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு பக்கமும் வளையம் போட்டு முறுக்கினான். சத்தம் அடங்கியது. சத்தம் அடங்கினால் நோயும் போயிற்று என்பது அவன் கணக்கு. அவன் கணக்கு மட்டுமா, வீட்டில் எல்லாருடைய கணக்கும் அதுதான்.

அந்த வாரமே வண்டியம்மாவின் மகள் அவனிடம் போய்க் கொஞ்சினாள். எட்டு வயதுப் பெண். ஆளும் சின்னது, குரலும் சின்னது. பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சித்தப்பா, பின்னாடி பாட்டே கேக்க மாட்டேங்குது. முன்னாடி இருக்கவங்களுக்கு மட்டும்தான் கேக்குது."

அண்ணன் மகள் கேட்டால் அவன் மலையையும் பெயர்ப்பான். தரை விரிப்பையெல்லாம் கழற்ற யார் உட்கார்வது என்று வயரைக் காருக்கு அடியிலேயே கட்டி இழுத்தான். பின்சீட்டுக்குக் கீழே தரைத்தகட்டில் ஒரு ஓட்டை போட்டான். வயரை மேலே எடுத்து ஸ்பீக்கர் மாட்டினான். ஓட்டை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. ரப்பர் அடைப்பு ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி. பொடிசு அன்று முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள்.

இனி அந்தப் பின்சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அது நீளமான பழைய கார். மூன்று வரிசை. முன்னால் ஓட்டுகிறவள் பக்கத்தில் ஒரு இடம், நடுவில் அகலமான சீட், கடைசியில் மேலே தூக்கித் திறக்கும் பின்கதவை ஒட்டி ஒரு குட்டி பெஞ்சு. அதற்குக் கீழேதான் ஜாக்கியும் ஸ்பேனரும் கிடக்கும். பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாது என்று பின்கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கொழுந்தன் கழற்றி எடுத்திருந்தான். அதுவும் நல்லெண்ணத்தில்தான்.

ஊரார் பிள்ளைக்கு நல்ல இடம், தன் பிள்ளைக்கு மிச்ச இடம். இது வண்டியம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். தன் மகளை முன்னால் வைத்துக்கொண்டு அடுத்தவர் மகனைப் பின்னால் திணித்தாள் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது அவளுக்கு. அதனால் பொடிசுக்கு முதல் நாளிலிருந்தே கடைசி பெஞ்சு. வெயிலோ மழையோ அவள் இடம் அதுதான்.

அப்புறம் பட்டாசு என்று ஒரு பையன். வீட்டில் வைத்த பெயர் வேறு, அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஏறினால் கத்துவான், உட்கார்ந்தால் உதைப்பான், பக்கத்தில் இருப்பவளின் பின்னலைப் பிடித்து இழுப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல் வண்டியம்மா காரை ஓரங்கட்டினாள். அவனைத் தூக்கிக் கடைசி பெஞ்சில் பொடிசு பக்கத்தில் உட்காரவைத்தாள். கொஞ்ச தூரம் கத்தினான். பெரிய சிக்னல் வந்தது. பச்சை விழுந்து கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தால், பெட்டிப் பாம்பாக அடங்கி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னக்கா மாயம் பண்ணீங்க? வீட்டுல இவனைத் தூங்கவைக்கிறதுக்குள்ள எங்க உசுரு போயிடும்."

"அந்த சீட்டு ராசி அப்படி. எப்பேர்ப்பட்ட வாலும் அங்க அடங்கிடும்" என்றாள் வண்டியம்மா. சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்!

அந்தப் பேச்சு பரவியது. அழுகிற பிள்ளையா, பின்சீட்டில் போடு. அடம்பிடிக்கிறதா, பின்சீட்டில் போடு. பெற்றவர்களே கேட்டு வாங்கினார்கள். குளிர் தொடங்கியதும் இன்னொன்றும் கேட்டார்கள். "ஜன்னலைச் சாத்தியே வைங்க வண்டியம்மா, பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு." சாத்தினாள். முன்கண்ணாடியில் மூச்சுப் படிந்து மறைப்பதால் தன் பக்க ஜன்னலை மட்டும் விரல் கடை இறக்கி வைத்துக்கொள்வாள். அந்தச் சந்து வழியாக அவள் முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை.

வலித்தது பொடிசுக்கு.

முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு காலையிலும். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது கால் தடுமாறும். முதல் பீரியடில் தூங்கிவிழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கண் டாக்டரிடம் காட்டினார்கள், கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி போட்டும் வலி போகவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

வண்டியம்மா ஒன்றைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலைவலி இல்லை. சனிக்கிழமையும் இல்லை. மாடிப்படியில் குதிக்கிறாள், சித்தப்பா முதுகில் ஏறுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். திங்கட்கிழமை வந்தால் மறுபடி தலையைப் பிடித்துக்கொள்கிறாள். சரியாகத்தான் கவனித்தாள் அந்தத் தாய். கவனித்துவிட்டுப் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

"லீவு நாள்ல வராத தலைவலி, ஸ்கூல் நாள்ல மட்டும் கரெக்டா வருதோ? யாருகிட்ட காது குத்துற?"

"நெஜமா வலிக்குதும்மா."

"நடிக்காத. நானும் உன் வயசைத் தாண்டித்தான் வந்திருக்கேன்."

"நடிக்கலம்மா." பொடிசு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் முன்னாடி உக்காந்துக்கட்டுமா? பின்னாடி உக்காந்தா தூக்கம் தூக்கமா வருதும்மா. கண்ணைத் திறக்கவே முடியல."

"ஏன், ராணிக்கு முன் சீட்டு கேக்குதோ? உன்னை முன்னாடி வெச்சா மத்தவங்க என்னை நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. பின்னாடியே உக்காரு. இனிமே வண்டியில தூங்கினேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்."

பொடிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து தொடையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்து வந்தாள். அது அம்மாவுக்கு அப்போது தெரியாது. பின்னால் ஒருநாள் குளிப்பாட்டும்போது நீலநீலமாகத் தடம் பார்த்துத்தான் தெரிந்தது.

காரும் தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மேடு ஏறும்போது இழுவை இல்லை. பெட்ரோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. நின்று கிளம்பும்போது உடம்பு உதறியது. ஒரு மாலை காரைத் துடைக்கும்போது பின்கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. திருப்பித் துடைத்தாள், மறுபடி கறுப்பு. வெளியில் கறுத்தால் ரோட்டுப் புகை. உள்ளே எப்படிக் கறுக்கும்? அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள். "பெரிய ரோட்டுல ஒரு பட்டறை இருக்கே, மெஷினெல்லாம் வெச்சுப் பாப்பாங்களாம். ஒருதடவை காட்டிட்டு வந்துடலாமா?"

கொழுந்தன் தட்டைத் தள்ளி வைத்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் சிரிக்காமல் இருந்து அவர்கள் பார்த்ததே குறைவு.

"அப்போ என் கைமேல நம்பிக்கை இல்ல. அப்படித்தானே அண்ணி?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல தம்பி."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

அவள் கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவனுக்கு வீட்டில் ஒரே வேலை, யார் மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வது. மனைவியைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினான், விட்டுவிடு என்று. தம்பியைப் பார்த்து, "நாளைக்கு நீயே சாயங்காலம் ஓட்டிப் பாரேன்டா. ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்" என்றான். கொழுந்தன் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். சமாதானம் ஆயிற்று. வண்டியம்மா கறுத்த துணியைப் பற்றிச் சொல்ல வாய் திறந்து, பிறகு குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் மாலை நல்ல மழை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நனைந்தும் நனையாமலும் ஓடிவந்து ஏறினார்கள். கொழுந்தன் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். முன்னாலும் நடுவிலும் இடம் நிறைந்துவிட்டது. வண்டியம்மா கடைசி பெஞ்சில் போய், பொடிசுக்கும் பட்டாசுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டாள். வாங்கின நாளிலிருந்து அந்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பொடிசுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்கதவை வெளியிலிருந்து அடித்துச் சாத்தினான் கொழுந்தன். ஜன்னல்கள் எல்லாம் ஏறின.

"எங்க அண்ணி சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தான். பாட்டை வேறு போட்டுவிட்டான்.

பெரிய சிக்னலுக்கு முன்னாலேயே நெரிசல். மழையில் ஒரு லாரி குறுக்கே நின்றுபோயிருந்தது. கார் நகரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாசு கொஞ்ச நேரம் அவள் முழங்கையைக் குத்தினான், ஒரு பாட்டுக்குத் தாளம் போட்டான், பிறகு அவள் தோளில் சாய்ந்தான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். இதமாக இருந்தது. நெற்றிப்பொட்டில் லேசாக ஏதோ துடித்தது. மழை நாள், அலைச்சல், அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைக் கொஞ்சம் மூடினால் தேவலை என்று இருந்தது.

மூடினாள்.

பகலில் தூங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. காய்ச்சல் கண்ட நாளில்கூடப் படுக்காதவள். அந்த ஒரு நினைப்புதான் அவளைக் காப்பாற்றியது. நான் ஏன் தூங்குகிறேன்? தூக்கத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்தது. நான் எதற்குத் தூங்குகிறேன்?

கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமை கனத்தது. கண்ணைத் திறக்கவே முடியலம்மா என்று பிள்ளை சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. முழு பலத்தையும் கூட்டித் தலையைத் திருப்பினாள். பொடிசின் தலை கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. கன்னம் ரெண்டும் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாக இருந்தது. விரல்கள் மட்டும் தொடையைக் கிள்ளப் போனதுபோலப் பாதியில் நின்றிருந்தன. உதடு அசைந்தது.

"தூங்கலம்மா... நடிக்கலம்மா..."

"தம்பி!" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். வெளியே வந்தது ஒரு முனகல்தான். ஸ்பீக்கர் அவள் காலடியிலேயே அலறிக்கொண்டிருந்தது. நடு வரிசைப் பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். முன்னால் கொழுந்தன் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறக்கக் கை போயிற்று. கைப்பிடி இல்லை. கை வெறும் தகட்டைத் தடவித் தடவி வந்தது. கால்களுக்கு இடையில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் துழாவினாள். கீழே குனிந்ததும் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு காற்று அடித்தது. எங்கேயிருந்து வருகிறது அது? யோசிக்க நேரமில்லை. ஸ்பேனர் கையில் தட்டுப்பட்டது. தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு பின்கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெற்ற வயிறு எரிய மறுபடி ஓங்கினாள். கண்ணாடி மொத்தமாக உதிர்ந்தது. மழையும் காற்றும் உள்ளே புகுந்தன.

"அண்ணி! என்ன பண்றீங்க, பைத்தியமா பிடிச்சிருக்கு?" கொழுந்தன் இறங்கி ஓடிவந்தான். உள்ளே பார்த்தான்.

பக்கத்து வண்டிகளிலிருந்து யார் யாரோ இறங்கி வந்து பிள்ளைகளைத் தூக்கினார்கள். மழையில் ரோட்டோரத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். நடு வரிசைப் பிள்ளைகள் அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டு அவளுக்குப் போன உயிர் பாதி வந்தது. பட்டாசு வாந்தி எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தான். பொடிசு அழவில்லை. மழை முகத்தில் விழுந்தும் கண்ணைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அங்கே மூக்கில் மாஸ்க் வைத்தார்கள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா அவளிடம், "வண்டிப் புகையை எவ்வளவு நாளா சுவாசிச்சுட்டு இருக்கா?" என்று கேட்டார். அந்தப் புகையில் கலந்திருக்கும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, ரத்தத்தில் மூச்சுக்காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். எவ்வளவு நாளாக? வண்டியம்மா விரல் விட்டு எண்ணினாள். தலைவலி முதல் முதலில் எப்போது வந்தது என்று யோசித்தாள். ஸ்பீக்கர் மாட்டியதற்கு அப்புறம். அன்று பிள்ளை பாடிக்கொண்டே வந்தாளே, அதற்கு அப்புறம்.

பொடிசு மறுநாள் காலையில் கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் அவள் முகத்தில் வந்தது பயம்.

"தூங்கிட்டேன்மா. அடிக்காத."

வண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டி அழுதாள். அவள் கணவன் வந்து பிடித்து இழுக்கிறவரைக்கும் அழுதாள்.

காரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த முறை யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கொழுந்தனும் கூடவே வந்தான். வராதே என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை. பட்டறைக்காரர் தொப்பையும் தொண்டையும் பெரிதான மனிதர். வேலையாட்களை அதட்டிக்கொண்டே இருந்தார். டிக் டிக் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் எஞ்சினைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சில்லுனு இருக்கும்போது தட்டும், சூடானா நின்னுடும். அதானே? எஞ்சினும் புகைக்குழாயும் சேர்ற இடத்துல விரிசல் விட்டிருக்கும். சூட்டுல இரும்பு விரிஞ்சு சந்து மூடிக்கும், சத்தம் நிக்கும். அது முன்னாடி. பின்னாடி எங்கன்னு இப்பப் பாப்போம்."

மஞ்சள் விளக்கு எரியவில்லையா என்று கேட்டார். வண்டியம்மா கொழுந்தனைப் பார்த்தாள்.

காரைத் தூக்கி நிறுத்தினார்கள். பின்குழாயின் வாயில் ஒரு ரப்பர் குழலைச் செருகி, ஒரு பெட்டியிலிருந்து வெள்ளைப் புகையை உள்ளே ஊதினார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் புகை, யாருக்கும் கெடுதல் இல்லாதது என்று சொல்லிவிட்டு, "எல்லாரும் உள்ள பாருங்க" என்றார் பட்டறைக்காரர்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஆயில் டின் தகரத்துக்கு அடியிலிருந்து புகை கசிந்தது. கசிந்தது கீழே போகவில்லை. கார்த் தரையை ஒட்டியே ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் உடைந்த பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கடைசி பெஞ்சின் ஓரத்தில், வயர் மேலே வரும் இடத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று எழுந்தது. எழுந்து, எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் முகம் எங்கே வருமோ அந்த உயரத்தில் பரவி நின்றது.

பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட நின்றிருந்தது.

"இந்த ஓட்டையைப் போட்டது எந்த மடையன்?" என்றார் பட்டறைக்காரர்.

"நான்தான்" என்றான் கொழுந்தன். "பாட்டு கேக்கலன்னு பொடிசு சொன்னா. அதுக்குப் போட்டேன்."

அப்படியே காரின் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். வண்டியம்மாவுக்கு அவன் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் என்று வந்தது. உண்மையைச் சொன்னால், கை எழுந்தேவிட்டது. அவன் நிமிர்ந்து, அடிங்க அண்ணி என்பதுபோலப் பார்த்தான். அவளால் அடிக்க முடியவில்லை. ஓட்டை போட்டது அவன். அந்த ஓட்டைக்கு மேல் பிள்ளையைத் தினமும் கொண்டுபோய் உட்காரவைத்தது யார்? முன்னாடி வரட்டுமா என்று கேட்டவளைத் திருப்பி அனுப்பியது யார்? எழுந்த கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். முன்னால் விரிசல் விட்ட பாகம், புகைக்குழாய் முழுவதும், பின்கதவின் ரப்பர். தரை ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார்கள். மஞ்சள் விளக்குக்குப் புதுப் பல்பு வந்தது. கடைசி பெஞ்சை வண்டியம்மா கழற்றி எடுக்கச் சொல்லிவிட்டாள். பட்டறைக்காரர் புகையை இன்னொரு தடவை ஊதிக் காட்டினார். எங்கேயும் கசியவில்லை. அவள் மறுபடி ஊதச் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஊதினார்.

பொடிசு வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் ஏழாம் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது ஒருகாலத்தில். இப்போது பாதியில் நின்றுவிடுகிறாள். நின்று, எதையோ தேடுகிறாள். "ஞாபகம் திரும்பி வரலாம். கொஞ்ச காலம் பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா. வரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வண்டியம்மா ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறாள்.

கார் மறுபடி ஓட ஆரம்பித்தது. சில பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? பட்டாசு போகவில்லை. வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்று வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டமாம். ஏறினதும் கத்தினான், உதைத்தான், பக்கத்துப் பெண்ணின் பின்னலை இழுத்தான். வண்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல்கள் எல்லாம் பாதி இறங்கியிருந்தன. சளி பிடித்தால் பிடிக்கட்டும்.

முன்சீட்டில் பொடிசு.

அன்றும் மழை தூறியது. பெரிய சிக்னலில் கார் நின்றது. எஞ்சின் பூப்போல ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவள் அதைக் கவனித்தாள். பின்னால் சத்தமே இல்லை.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் காரை எடுக்காமல், சீட்டை விட்டுப் பாதி எழுந்து திரும்பி, "பேசுங்க! யாராவது பேசுங்க!" என்று அலறினாள்.

பிள்ளைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். கண்ணாடியில் வழிந்த ரெண்டு மழைத்துளியில் எது முந்தும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பட்டாசு குழம்பிப்போய், "நீங்கதானே ஆன்ட்டி சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு சொல்வீங்க?" என்றான்.

அவள் முன்பக்கம் திரும்பினாள். கியரைப் போட்டாள். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு வந்து கியர் மேலிருந்த அவள் கையைப் பிடித்தது.

"முழிச்சுட்டுத்தான்மா இருக்கேன்" என்றாள் பொடிசு.

முழிச்சிருக்கியா என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள். அடுத்த சிக்னலிலும் சொன்னாள். அதற்கடுத்த சிக்னலிலும் கார் நின்றதும், இன்னும் சொல்லவில்லையே என்று வண்டியம்மா அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள்.